ஒரே கிருமி, ஒரே மாத்திரை

கேள்வி: என் தம்பிக்குக் காசநோய். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நின்றுவிட்டது; சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் நான்கு மாதம்? எல்லாம் ஒரே கிருமிதானே, செத்தால் ஒன்றாகச் சாகாதா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: ஒன்றாகச் சாகாது, சகோதரி. ஒரே கிருமியிலிருந்து பிரிந்த இரண்டு கிருமிகளிடம் ஒரே மரபணுக்கள் இருந்தாலும், அவை ஒரே நேரத்தில் ஒரே அளவு புரதத்தை உண்டாக்குவதில்லை. மரபணு பெரும்பாலும் சிறிது நேரம் விழித்து, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் சில ஆர்.என்.ஏ. நகல்களை உருவாக்கிவிட்டு அடங்கிவிடும். உங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரை சேரும்போது ஏலக்கூடம் நிரம்புவதும் பிறகு வெறிச்சோடுவதும் போலத்தான். ஒரு கிருமிக்குள் அந்த நகல்கள் விரல்விட்டு எண்ணுமளவே இருப்பதால், தற்செயலான ஏற்ற இறக்கமும் பெரிதாகிவிடுகிறது. 2002இல் உயிரியலாளர் மைக்கேல் எலோவிட்ஸ் குழுவினர், இரண்டு நிறங்களில் ஒளிரும் புரதங்களின் மரபணுக்களை ஒரே விதமான கட்டுப்பாட்டின் கீழ் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தபோது, ஒரே செல்லுக்குள்ளேயே ஒரு நிறம் மிகுந்தும் மற்றது குறைந்தும் தெரிந்தது.

உங்கள் தம்பியின் மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியாசிட், விழுங்கும் நிலையில் கிருமியைக் கொல்லாது. கிருமியின் சொந்த நொதியான 'கேட்-ஜி'தான் அதைக் கொல்லும் பொருளாக மாற்றுகிறது. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு பாக்டீரியாவைத் தனித்தனிச் செல்லாகக் கண்காணித்து 2013இல் வெளியான ஆய்வு, இந்த நொதி விட்டுவிட்டே உண்டாகிறது என்றும், அது அரிதாக உண்டான செல்களே மருந்தைத் தாண்டிப் பிழைத்தன என்றும் காட்டியது. அவை மரபணு மாறி எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல. மருந்து வந்த வேளையில் அந்த நொதி குறைவாக இருந்தவை, அவ்வளவுதான். எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி வேறு, இப்படித் தப்பிய கிருமி வேறு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தப்பியவற்றை அதே மருந்து பின்னொரு நாள் கொல்லக்கூடும்.

தற்செயல் மட்டுமே காரணமன்று. வளர்ச்சி மந்தமான கிருமிகளும், மருந்து எளிதில் எட்டாத திசுக்களில் தங்கியவையும் உண்டு. ஒரே மருந்தாக இல்லாமல் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்றும் தருவது இவற்றையெல்லாம் எண்ணித்தான்.

சளிப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை தென்படும்; அதற்குக் குறைவாக எஞ்சியிருந்தால் 'கிருமி இல்லை' என்றே முடிவு வரக்கூடும். ஆகவே தம்பி நான்கு மாத மாத்திரைகளையும் ஒரு நாளும் விடாமல் சாப்பிடட்டும். குமட்டலோ, கண் மஞ்சளாவதோ, பார்வை மங்குவதோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.