நிறுவன இணையதளத்துக்குக் காசு கொடுத்து சிஎம்எஸ் (தளத்தின் பக்கங்களை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருள்) வாங்குவது நல்லதா, இல்லை வேர்ட்பிரஸ், ட்ரூபல் மாதிரி மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளே போதுமா?

"இலவசமாகக் கிடைப்பதை நம்பி ஒரு நிறுவனத்தின் தளத்தையே ஒப்படைக்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் வேலை பார்த்த இடத்தின் நிர்வாகக் குழுவில் இதே பேச்சைப் பல தடவை கேட்டவன். உங்கள் நிலைமையும் ஓரளவு புரிகிறது. யாரோ வந்து அழகாக டெமோ காட்டியிருப்பார், மேலிடத்துக்குப் பிடித்துப்போயிருக்கும், ஒப்பீட்டு அறிக்கை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

சிறிய அல்லது நடுத்தர நிறுவனம் என்றால் திறமூலத்துக்கே போங்கள். லைசென்ஸ் காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வடிவமைப்பு, ஹோஸ்டிங், பராமரிப்பு என்று எப்படியும் செலவு இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் அந்த மென்பொருளை விட்டு வெளியேற வேண்டிவந்தால் நீங்கள் எழுதியதெல்லாம் உங்கள் கையில் இருக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

ஓர் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் உள்ளடக்கப் பொறுப்பு என்னுடையது. ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டி ஒரு வணிக சிஎம்எஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரையை யார் எழுதினார், யார் திருத்தினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் சுத்தமாகப் பதிவாகும். அப்புறம் அதைத் தயாரித்த நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே சொந்த சிஎம்எஸ் ஒன்று இருந்தது. பழையதற்கு ஆதரவு நிற்கப்போகிறது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. புதியதற்கு வேறு லைசென்ஸ், வேறு விலை.

எங்கள் கட்டுரைகளை எக்ஸ்போர்ட் செய்து கேட்டோம். பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று வந்தது. திறந்தால், தலைப்பு ஓரிடத்தில், உரை துண்டு துண்டாகப் பல இடங்களில், அடிக்குறிப்பு வேறெங்கோ. படம் வர வேண்டிய இடத்தில் கோப்பின் பெயர்கூட இல்லை, வெறும் ஓர் எண். ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளும் அதே கதி. எந்த எண் எந்தப் படம் என்று சொல்லும் அட்டவணை அவர்களுடைய அமைப்புக்குள் இருந்தது. அது எக்ஸ்போர்ட்டில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஓடிக்கொண்டிருந்த தளத்தையே பக்கம் பக்கமாக நகலெடுத்தோம். எக்செல் தாளில் ஒரு நெடுவரிசையில் பழைய முகவரி, பக்கத்தில் புதிய முகவரி, அடுத்ததில் படத்தின் எண். படத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எண்ணோடு பொருத்தினோம். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 வழிமாற்று (பழையதற்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டோம். வெளியாட்கள் தங்கள் ஆய்வுகளில் அடிக்குறிப்பாகக் கொடுத்த இணைப்பு ஒன்றுகூட உடையக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு கட்டுரையும் தொலையாமல் ட்ரூபலுக்கு வந்து சேர்ந்தோம். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். வணிக சிஎம்எஸ் தயாரித்த இன்டர்வோவன் நிறுவனத்தை 2009இல் ஆட்டானமி வாங்கியது, ஆட்டானமியை 2011இல் எச்பி வாங்கியது, இன்டர்வோவனின் அந்த மென்பொருள் 2016இல் ஓப்பன்டெக்ஸ்டுக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சர்வர் என்ற தன் சிஎம்எஸ்ஸைத் தனி மென்பொருளாகத் தொடராமல் ஷேர்பாயின்ட் 2007க்குள் சேர்த்துவிட்டது. கைமாறினாலே மென்பொருள் கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. வாடிக்கையாளரை யாரும் கேட்பதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

திறமூலத்திலும் ஆட்கள் விட்டுப்போவார்கள், சண்டை போடுவார்கள். ஆனால் மூலநிரல் வெளியே இருப்பதால் வேறொருவர் எடுத்து நடத்தலாம். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வேலை நின்றுபோனபோதுதான் அதிலிருந்து 2003இல் வேர்ட்பிரஸ் பிறந்தது. மாம்போ என்ற திறமூல சிஎம்எஸ்ஸில் தகராறு வந்ததும் 2005இல் அதைச் செய்தவர்கள் பிரிந்து ஜூம்லாவைத் தொடங்கினார்கள்.

பாதுகாப்பு என்ன ஆயிற்று என்று கருத்துப் பெட்டியில் யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். 2014 அக்டோபரில் ட்ரூபல் 7இல் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்களில் ஆள் புகுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே வெளிப்படையாக எழுதியது. ஆக, அப்டேட் செய்ய ஓர் ஆளும் தினசரி பேக்கப்பும் இல்லையென்றால் திறமூலம் பக்கம் வராதீர்கள். வணிக மென்பொருளும் தப்பவில்லை, 2021இல் சைட்கோரிலும் இப்படி ஒரு ஓட்டை வழியே தாக்குதல் நடந்தது.

பல நாடுகளுக்குத் தனித்தனித் தளம், சட்டத் துறை ஒப்புதல், ஒப்பந்தத்தின்படி பதில் சொல்ல ஓர் ஆள் என்று தேவைப்படும் பெரிய நிறுவனங்கள் அடோபியின் எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர் மாதிரி ஒன்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த மென்பொருளே அப்பாச்சி ஸ்லிங், ஜாக்ரேபிட் ஓக் ஆகிய திறமூலத் திட்டங்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. "இலவசத்தை நம்பலாமா" என்று கேட்கும் உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தளம் செய்துகொடுப்பவர்கள் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கேட்டால், "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார்கள். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் என்றால், பல வருடமாக எல்லோருக்கும் தெரிந்த முகவரி அவர் கையில். எந்த சிஎம்எஸ் என்று மாதக்கணக்கில் விவாதிக்கும் நிர்வாகங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சரி, டெமோவுக்கு வருகிறேன். அடுத்த தடவை அவர் வரும்போது படங்களும் உள் இணைப்புகளும் உள்ள பத்துப் பக்கங்களை உங்கள் கண்முன்னே எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் செய்பவரையும் விடாதீர்கள். பேஜ் பில்டர் ப்ளகின் (பக்கத்தை வடிவமைக்க உதவும் துணை மென்பொருள்) போட்டால், அதை அணைத்துவிட்டு ஒரு கட்டுரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிலவற்றில் பத்திகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் குறியீடுகளாக நிற்கும். அதைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.