லினக்ஸ் மேம்படுத்தியதும் சத்தம் போனால் புது சவுண்ட் கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: என் இன்டெல் லேப்டாப்பை டெபியன் லினக்ஸ் 11-லிருந்து 12-க்கு மேம்படுத்தினேன். கையோடு, வழக்கொழிந்த பேக்கேஜ்களையும் நீக்கினேன். ரீஸ்டார்ட் செய்தால் சத்தமும் இல்லை, வைஃபையும் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டும் இருக்கிறது. போர்டு போய்விட்டது, யுஎஸ்பி சவுண்ட் கார்டும் வைஃபை டாங்கிளும் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில், அதுவும் மேம்படுத்திய கையோடு போயிருப்பதால் சந்தேகம் ஃபர்ம்வேர் மீதுதான். சவுண்ட், வைஃபை சிப்கள் இயங்க அவற்றுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள் அது.

2023 ஜூனில் வந்த டெபியன் 12, ஃபர்ம்வேர்களை 'நான்-ஃப்ரீ' (கட்டற்ற மென்பொருள் அல்லாதவை) பிரிவிலிருந்து எடுத்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவில் வைத்தது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் எந்தப் பிரிவிலும் இல்லாத அனாதைகளாகத் தெரியும். 'வழக்கொழிந்தவை' என்று நீங்கள் நீக்கியபோது அவையும் சேர்ந்து போயிருக்கும்.

டெர்மினலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'சூடோ டிமெஸ்க்' கட்டளையைக் கொடுத்து, 'ஃபர்ம்வேர்' என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். கடைசியில் மைனஸ் 2 என்று இருந்தால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பொருள். அப்படியென்றால் கார்டு கெடவில்லை.

இணையத்துக்குப் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். அதற்கு ஃபர்ம்வேர் தேவையில்லை. 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'ஆப்ட்', அதற்குள் 'சோர்சஸ் டாட் லிஸ்ட்'. அதில் மெயின், செக்யூரிட்டி, அப்டேட்ஸ் மூன்று வரிகளின் முடிவிலும் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று சேருங்கள். ஒரு வரியை விட்டாலும் பின்னால் வரும் திருத்தங்கள் வராமல் போகலாம். பிறகு ஆப்ட் அப்டேட் செய்து, சத்தத்துக்கு 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு', வைஃபை இன்டெல் என்றால் 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யுஎல்வைஃபை' இரண்டையும் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்டு தெரிந்தும் சத்தம் வரவில்லையா? டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர் அல்லது ஸ்பீக்கர் பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தால் மியூட். 'எம்' விசையை அழுத்தினால் விலகும்.

யுஎஸ்பி சவுண்ட் கார்டு செருகியதும் பாடும், ஏனென்றால் பெரும்பாலானவற்றுக்கு ஃபர்ம்வேரே வேண்டாம். கடைக்காரர் சொன்னது சரி என்றே உங்களுக்குத் தோன்றும். லேப்டாப்பின் ஸ்பீக்கரும் உள்மைக்கும் மட்டும் அப்படியே ஊமையாகக் கிடக்கும்.

மேலே சொன்னது எதுவும் பலிக்காவிட்டால், 8 ஜிபி பென் டிரைவில், நிறுவாமலே ஓடும் டெபியன் 12 லைவ் படிமத்தை எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். அதில் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. அங்கே சத்தம் வந்தால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது, கோளாறு நிறுவலில்தான். அங்கேயும் வராவிட்டால் கடைக்குப் போகலாம்.