புது கார்டு போட்டதும் திரை கறுப்பு: கார்டு போச்சா?

கேள்வி: பாம்பனில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன் சார். பழைய கம்ப்யூட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. கார்டைக் கழற்றினால் படம் வருகிறது. வாங்கி நாலு நாள்தான். விற்றவர்களோ, "பெட்டியைப் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பணம் போனதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. கார்டைக் கழற்றினால் படம் வருகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மானிட்டர், ராம், மதர்போர்டு எல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன.

முதலில் கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள். யுஎஸ்பி, ஆடியோ ஓட்டைகளோடு மேலே இருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே படுக்கைவாக்கில் வரிசையாக இருப்பவை புது கார்டினுடையவை. கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்தப் படத்தை நிறுத்திவிடும். கேபிள் பழைய இடத்திலேயே இருந்தால் 'நோ சிக்னல்'தான். இதைச் சொல்ல எனக்கே வெட்கம்: சொந்தக்காரப் பையன் கம்ப்யூட்டரை இரண்டு மணி நேரம் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் அவன் அம்மா, "இந்த வயரு கீழ இருக்குற ஓட்டைக்கா?" என்று கேட்டார். அதுதான் கோளாறு.

கேபிள் சரியென்றால் அடுத்தது கரண்ட். கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும், 4060 கேட்பது 115 வாட். மிச்சம், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் வயரில் வரவேண்டும். ஃபேன் சுற்றுவதை வைத்து அந்த வயர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிராசசருக்குப் போகும் 8 பின் வயரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது 4+4 ஆகப் பிரியும்; கார்டுக்கானது 6+2. மாற்றி அழுத்திச் செருகினால் கார்டும் போகும், வாரன்ட்டியும் போகும். இந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். கேபினட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 6+2 வயரே இல்லையா? கன்வெர்ட்டர் வாங்கி ஒப்பேற்றாமல் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுங்கள்.

அடுத்தது நம்ம ஊர்ச் சங்கதி. இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது. கேபினட்டைத் திறந்து திருகாணித் தலைகளைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால், சும்மா கிடந்த ஸ்லாட்டுக்குள்ளும் உப்பு இறங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றடிக்கும் பிளோயரால் ஊதுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துக் காயவிட்டு, 'டிக்' சத்தம் கேட்கும்வரை கார்டை அமுக்குங்கள். புது கார்டின் தங்கப் பற்களில் ரப்பர் தேய்க்கவே வேண்டாம். கீறல் விழுந்தால், நாளைக்கு அதையே காட்டிக் கையை விரிப்பார்கள்.

மதர்போர்டு ரொம்பப் பழசு என்றால் பயாஸ் (மதர்போர்டை இயக்கித் துவக்கும் மென்பொருள்) அப்டேட்டும் பார்க்கலாம்; கார்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையா? போதுமான எஸ்எம்பிஎஸ் உள்ள வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் போடுங்கள். மாட்டுவதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: பில், பெட்டி, கார்டின் சீரியல் நம்பர், 8 பின் வயர், கறுப்புத் திரை. எடிட்டிங் உங்கள் தொழில், ஆனால் இந்த வீடியோவில் கை வைக்காதீர்கள். அங்கேயும் கறுப்பு என்றால் கார்டுதான் பழுது.

அப்போது 'பெட்டியைப் பிரிச்சாச்சு' என்ற பேச்சு எடுபடாது. பிரிக்காமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இன்றே எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தரவேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேல், ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை. கெடு இரண்டு வருடம். ஆனால் தளத்தின் ரிட்டர்ன் கெடு நாள் கணக்கில்தான் ஓடும், சோதனையை இன்றைக்கே முடியுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் ஒருவர் பாதி விலைக்குப் பழைய கார்டு தருகிறார். மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில் ஓடியது என்கிறார். வாங்கலாமா?

பதில்: உண்மையைச் சொல்லி விற்கிறாரே, அதற்கே ஒரு மார்க். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் இப்படிக் கார்டுகள் சந்தைக்கு நிறைய வந்தன. ஓடியதாலேயே கார்டு கெட்டது என்று சொல்ல முடியாது. முதலில் தேய்வது ஃபேன். உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் ஒரு கேம் ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளி புள்ளியாகத் தெறித்தாலோ, ஃபேன் கரகரத்தாலோ விட்டுவிடுங்கள். ஒரிஜினல் பில் இல்லாவிட்டால் பாதி விலையும் அதிகம்தான்.