சத்து ஏறியும் முழங்கால் வலி இறங்கவில்லையே?

கேள்வி: வயது 58. முழங்கால் எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி 14 இருந்தது. வாரம் ஒன்றாக 60,000 யூனிட் சாஷே, 8 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். வலி குறையாததால் 5 மாதமாக நானே வாங்கிச் சாப்பிடுகிறேன். வாரம் இரண்டாக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. இப்போது சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டு, ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுவது) மூன்றையும் பார்த்து, டாக்டரிடம் காட்டுங்கள். 20க்குக் கீழே இருந்தால் குறைபாடுதான். உங்களுக்கு 8 வாரம் கொடுத்தது சரி. ஆனால் இது கொழுப்பில் கரையும் சத்து. மிஞ்சினால் சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். அளவு 150ஐத் தாண்டினால் கால்சியம் எகிறும். தீராத தாகம், மலச்சிக்கல், குமட்டல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி, சிறுநீரகத்தையே கெடுக்கும்.

வலி ஏன் குறையவில்லை? உங்களுக்குத் தேய்ந்திருப்பது குருத்தெலும்பு, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான மெத்தை. வைட்டமின் டி செய்வது உணவிலுள்ள கால்சியத்தை உறிஞ்சி எலும்பில் சேர்ப்பது. ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானமும் டி குறைபாடும் சேர்ந்திருந்த 413 பேரில் ஒரு பாதிக்கு மாதம் 50,000 யூனிட், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 2 வருடம் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது: வலியிலும் சரி, குருத்தெலும்பு தேய்வதிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

குறைபாட்டால் வரும் வலி வேறு. முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும். தரையிலிருந்து எழ, கையை ஊன்ற வேண்டியிருக்கும். அது மருந்தில் தீரும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதுண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம்.

காலை 6 மணிக்கு மெரினாவில் நடப்பது மூட்டுக்கு நல்லது, டி மட்டும் அதில் கிடைக்காது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், 11 மணி வாக்கில், மொட்டைமாடியில் கை காலில் வெயில் படும்படி 15 நிமிடம் நில்லுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை.

முழங்காலுக்கு உண்மையான மருந்து தொடைத் தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 எண்ணுங்கள், மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் 10 முறை, காலையும் மாலையும். பலன் தெரிய 6 வாரமாவது ஆகும், பொறுத்துச் செய்யுங்கள். எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறையுங்கள்: 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும். பயிற்சி தொடங்கிய முதல் வாரம் தொடை வலித்தால் பயப்படாதீர்கள். முழங்கால் வீங்கினால் மட்டும் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வீங்கிச் சூடாகவும் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.