நெறிக்கட்டிக்கு ஸ்கேனும் ஊசியும்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அக்குளில் கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. அங்கேயும் ஸ்கேன் எதற்கு?

பதில்: கைக்குத் தட்டுப்படாத நெறியிலும் (நிணநீர் முடிச்சு) நோய் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளவைவிட அமைப்பைத்தான் பார்ப்போம். 2 செ.மீ. நீளமிருந்தாலும் நடுவே கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்து, சுற்றுப்பட்டை மெலிதாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 8 மி.மீ. நெறிதான், ஆனால் பட்டை 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் புடைத்து நடு வெள்ளை மறைந்திருக்கிறது என்றால் ஊசியால் குத்திச் செல்களை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: சைட்டாலஜி (செல் பரிசோதனை) டெக்னீஷியன் நான். நெறியிலிருந்து ஊசியில் எடுக்கும் சாம்பிள் வெறும் ரத்தமாகவே வருகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஊசி நெறியின் நடுவுக்குப் போயிருக்கும். அங்கே ரத்தக்குழாயும் கொழுப்பும்தான். புற்றணுக்கள் முதலில் வந்து தங்குவது வெளிப்பட்டையில். தடித்த இடத்தைக் குறிவைக்கச் சொல்லுங்கள். 25 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியை உறிஞ்சாமல் முன்னும் பின்னும் அசைத்தாலே பல சமயம் போதும். உறிஞ்சினால், வெளியே எடுக்கும் முன் பிஸ்டனை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சாம்பிள் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும். பாப் சாயத்துக்கான (செல்லுக்கு நிறமேற்றும் ஒரு முறை) ஸ்லைடு தேய்த்த கையோடு 95% ஆல்கஹாலில் இறங்க வேண்டும். சற்றே காய்ந்தாலும் உட்கரு ஊதிப்போய்ப் படிக்க முடியாது. ஜீம்சா என்ற இன்னொரு சாயத்துக்கு வைப்பதை மட்டும் காயவிடுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட் நெகட்டிவ். பரவவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் லிம்போசைட் (நெறியில் இயல்பாக இருக்கும் வெள்ளையணு) இருந்ததாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஊசி நெறிக்குள் போனதற்கே சான்று இல்லை. அது போதாத சாம்பிள். போதுமான சாம்பிளிலும் 2 மி.மீ.க்குக் குறைந்த பரவல் தவறிப்போகலாம். அதனால்தான் அறுவையின்போது சென்டினல் நெறியை, அதாவது புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய நெறியை, எடுத்துப் பார்ப்பது. ஸ்கேன் சந்தேகமாகவும் ஊசி நெகட்டிவாகவும் இருந்தால் கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் சிறு சதைத்துண்டு எடுப்பது) கேளுங்கள்.

கேள்வி: தைராய்டு புற்றுக்கு அறுவை முடிந்தது. கழுத்து நெறியில் ஊசி குத்தியதில் தண்ணீர் மட்டுமே வந்தது. என்ன செய்வது?

பதில்: கொட்டிவிட வேண்டாம். ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி, தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். செல் கிடைக்காத நீர்க்கட்டியிலும் அது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) நெறி ஒளிர்கிறது. பரவல்தானே?

பதில்: அப்படியே முடிவு கட்டக்கூடாது. டிபி (காசநோய்) நெறியும் ஒளிரும், அதே பக்கத்துக் கையில் அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் ஒளிரும். ஊசியில் சீழ் போல வந்தால் ஒரு பகுதியை ஃபார்மலினில் (சதையைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் டிபி சோதனைக்கு அனுப்புங்கள். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்று) சந்தேகமென்றால் மெல்லிய ஊசி போதாது, முழு நெறியையே எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஊசி குத்தினால் புற்று பரவுமாமே?

பதில்: மிக மிக அரிது. அதற்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.