ஸ்பிரிங் டிரெயினிங்கில் யாருக்கு எத்தனை இன்னிங்ஸ்?

பேஸ்பால் சிமுலேஷன் கேம் ஆடுபவர்களில் பலர் சீசனுக்கு முந்தைய பயிற்சி மேட்சுகளான ஸ்பிரிங் டிரெயினிங் தொடங்கியதுமே நேராக ஓப்பனிங் டேக்கு, அதாவது சீசனின் முதல் நாளுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கோ சீசனிலேயே ரொம்பப் பிடித்த மாதம் அதுதான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றி என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

கேள்வி: முப்பது மேட்ச், கேம்பில் அறுபது பேர். எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தேன். கடைசியில் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தப்பு?

சமமாகப் பிரித்ததுதான் தப்பு. ஒரு மேட்சில் உங்கள் அணிக்கு ஏறத்தாழ 38 பேட்டிங் வாய்ப்பு வரும். முப்பது மேட்சுக்கு 1,140. பிட்ச்சர்கள் (பந்து போடுபவர்கள்) போக முப்பது பேட்டர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு வெறும் 38. அதை வைத்து ஒருவரையும் எடைபோட முடியாது.

நான் முதலில் உட்கார்ந்து, இன்னும் முடிவாகாத இடங்களை மட்டும் எழுதிக்கொள்வேன். இப்போது ஆடும் சீசனில் இரண்டே இடம்தான் காலி: நான்காவது அவுட்ஃபீல்டர் (தூரத்தில் நிற்கும் ஃபீல்டர்), மாற்று இன்ஃபீல்டர் (பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்). அதற்கு ஐந்து பேர் போட்டி. இடம் உறுதியான ஒன்பது பேருக்குத் தலைக்கு 45 வாய்ப்பு, ஆக 405. போட்டியில் இருக்கும் ஐந்து பேருக்குத் தலைக்கு 80, ஆக 400. மிச்சம் 335 மாற்று கேட்ச்சருக்கும் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) இளம் வீரர்களுக்கும். உறுதியானவர்கள் முதல் வாரத்தில் மேட்சுக்கு இரண்டு முறை பேட் பிடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்து நாளில் ஏழெட்டு இன்னிங்ஸ் நிற்பார்கள். ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்விக்கு ஏன் மேட்சைச் செலவழிக்க வேண்டும்?

கேள்வி: ஒரு இளம் வீரர் .400 பேட்டிங் சராசரியில் அடிக்கிறார். என் மூன்றாவது பேஸ் ரெகுலர் .200-இல் தடுமாறுகிறார். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 50 முறை பேட் செய்து 20 ஹிட் எடுத்தால் .400. அதே 50-இல் 14 ஹிட் என்றால் .280. நடுவில் இருப்பது ஆறே ஆறு ஹிட். இரண்டு பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும், நாலு பந்து ஃபீல்டர் கைக்கு எட்டாமல் போயிருக்கும். அவ்வளவுதான்.

சராசரியை விட்டுவிட்டு, எத்தனை முறை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனார், எத்தனை வாக் (நான்கு தவறான பந்தால் முதல் பேஸ்) எடுத்தார் என்று பாருங்கள். அவை கொஞ்சம் சீக்கிரமே உண்மை பேசும். அப்புறம் அந்த ஹிட்டுகள் யாருடைய பந்தில் வந்தன? ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து போடுபவர்களில் பாதிப் பேர் ஏப்ரலில் மைனர் லீகில் (கீழ்மட்டப் போட்டிகளில்) இருப்பார்கள். ஸ்கவுட் அறிக்கையும் அவரை உயர்த்திச் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

அதற்காகக் கதவை மூடியும் வைக்காதீர்கள். 2000-இல் பெரும்பாலும் மைனர் லீகின் சிங்கிள் ஏ என்ற கீழ் மட்டத்தில் ஆடிய ஆல்பர்ட் புஹோல்ஸ், 2001 ஸ்பிரிங்கில் அடித்து நொறுக்கி கார்டினல்ஸ் அணிக்குள் வந்தார். அந்த ஆண்டே நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்குத்தான்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் பிட்ச்சர்களின் (மேட்சைத் தொடங்கிப் பந்து போடுபவர்கள்) பந்து எண்ணிக்கையை எப்படி ஏற்றிக் கொண்டுபோவது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். ஓப்பனிங் டேயில் பந்து போடப்போகிறவர், அதற்கு ஐந்து நாள் முன்னால் தன் கடைசிப் பயிற்சி மேட்சை முடித்திருக்க வேண்டும். அங்கிருந்து ஐந்தைந்து நாளாகப் பின்னால் போனால் அவருடைய ஆறு மேட்சும் தேதியோடு வந்துவிடும். முதல் முறை இரண்டு இன்னிங்ஸ், 30 பந்து. அடுத்து 45, அடுத்து 60. ஐந்தாவது மேட்சில் 85 தொட்டால் போதும். கடைசி மேட்சில் கொஞ்சம் குறைத்துவிடுவது என் வழக்கம்.

பந்து எண்ணிக்கைக்கான வரம்பை நீங்களே கேமில் போட்டுவையுங்கள். இல்லையென்றால் கணினி மேனேஜர் நன்றாகப் போடுகிறவரை மேட்சிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார். ஐந்தாவது ஸ்டார்ட்டர் இடத்துக்கு இருவர் மோதினால், ஒரே மேட்சில் ஒருவர் பின் ஒருவராக இறக்குங்கள். ஒரே எதிரணி, ஒரே மைதானம் என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

ரிலீவர்களுக்கு (பாதியில் வந்து பந்து போடுபவர்கள்) ஒரு இன்னிங்ஸ், இரண்டு நாள் ஓய்வு. கடைசி வாரத்தில் ஒரு தடவை அடுத்தடுத்த நாளில் போடவைத்துப் பாருங்கள்.

கேள்வி: போன சீசனில் ஸ்பிரிங்கிலேயே என் நட்சத்திர வீரருக்குக் காயம். இனி நட்சத்திரங்களை இறக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

உங்கள் வலி புரிகிறது. நிஜத்திலும் இது நடக்கிறது. 2023 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் அணியின் கேவின் லக்ஸ் ஒரு பயிற்சி மேட்சில் பேஸ்களுக்கு நடுவில் ஓடும்போது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்து, முழு சீசனையும் இழந்தார். அதற்காக ஒரு மேட்சும் ஆடாதவரை 162 மேட்ச் சீசனுக்குள் இறக்குவதும் சரியில்லை. காயம் அடிக்கடி வரும் வீரர் என்று கேம் காட்டினால் 25 வாய்ப்போடு நிறுத்துங்கள், டெசிக்னேட்டட் ஹிட்டராக (ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிப்பவர்) ஆடவையுங்கள். மற்றவர்களைத் தாராளமாக ஆடவிடலாம். நீண்ட காயம் என்றால் 60 நாள் காயப் பட்டியலில் போட்டுவிடுங்கள், அணியின் 40 பேர் ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) ஒரு இடம் கிடைக்கும்.

கேள்வி: செகண்ட் பேஸ் ஆடுபவரை ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் இடம்) மாற்ற ஸ்பிரிங் போதுமா?

தொடங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. எரர் (ஃபீல்டிங் தவறு) ஆனாலும் தோல்விக் கணக்கில் சேராது. ஆனால் கடைசி இரண்டு இன்னிங்ஸ் மட்டும் நிறுத்தினால் பயன் இல்லை. முழு மேட்சாக, தொடர்ந்து பதினைந்து மேட்ச் கொடுங்கள். அவருடைய வீசும் கையின் பலத்தை முதலில் பாருங்கள், அது பழக்கத்தால் வராது. 2024 மார்ச்சில் டாட்ஜர்ஸ் மூக்கி பெட்ஸை செகண்ட் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றியது சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோதுதான். அவ்வளவு தாமதமாக நீங்கள் செய்ய வேண்டாம்.

கேள்வி: ரூல் 5 டிராஃப்டில் (மற்ற அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாத மைனர் லீக் வீரர்களை எடுக்கும் முறை) எடுத்தவருக்கு எவ்வளவு வாய்ப்பு?

நிறைய. சீசன் முழுக்க ஆடும் அணியின் 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெய்வர்ஸ் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளத் தரும் வாய்ப்பு) தாண்டிப் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். மைனர் ஆப்ஷன் (மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமை) தீர்ந்துபோனவர்களுக்கும் இதே முன்னுரிமை. ஆப்ஷன் மிச்சம் இருப்பவரை மே மாதத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஜோஹன் சன்டானா 2000-இல் ரூல் 5 வீரராக ட்வின்ஸ் அணியில் இருந்தபோது அவருடைய இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 6.49. பொறுத்துக்கொண்டார்கள். 2004-இலும் 2006-இலும் அவர் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

கேள்வி: கேட்ச்சர்கள் எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து. முதல் கேட்ச்சரை மூன்று நாள் தொடர்ந்து உட்காரவைக்காதீர்கள், இரண்டு நாள் தொடர்ந்து ஆடவும் வைக்காதீர்கள். கடைசி வாரத்தில் மட்டும் உங்கள் முதல் இரண்டு ஸ்டார்ட்டர்கள் போடும் நாட்களில் அவரே கேட்ச்சராக ஆடட்டும்.