சீட்டைக் கலைப்பது யார்?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: “நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு டிரேடிங் கார்டு கேம் (அவரவர் சீட்டுகளைத் தேர்ந்து தனித்தனிக் கட்டு வைத்து மோதும் ஆட்டம்) செய்து ஆன்லைனில் ஆடுகிறோம். ஆளுக்கு 40 சீட்டு. எங்களில் ஒருவனுடைய லேப்டாப்தான் சர்வர். அவனுக்கே நல்ல சீட்டு வருகிறது என்று தினமும் சண்டை. கிரிப்டோகிராபியால், அதாவது ரகசியம் காக்கும் கணக்கால், தீர்க்க முடியுமா?”

முடியும். சீட்டைக் கலைக்கும் வேலையைச் சர்வரிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். கிரிப்டோகிராபி ஆய்வாளர்கள் ஷமீர், ரிவெஸ்ட், ஏடல்மன் மூவரும் நடுவரே இல்லாமல் போனில் போக்கர் ஆடும் வழியை 1979-லேயே எழுதிவிட்டார்கள். அதில் கட்டு பொது என்பதால் கணக்கு சிக்கல். உங்களுக்குத்தான் ஆளுக்கொரு கட்டு இருக்கிறதே, எளிது.

ஆட்டத்துக்கு முன் உங்கள் கட்டின் பட்டியலையும் 40 ரகசிய எண்களையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹேஷ் (எதைக் கொடுத்தாலும் அதன் கைரேகை போல ஓர் எண்ணைத் தரும் கணக்கு; அந்த எண்ணிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாது) போட்டு, அந்த ஹேஷ்களை மட்டும் எதிராளிக்கு அனுப்புங்கள். இனி மாற்ற முடியாது. நீங்கள் சீட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக ஓர் எண் தருவார். அதையும் உங்களுடைய அடுத்த ரகசிய எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து, கட்டில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். மிச்சம் வரும் எண், மீதிப் பட்டியலில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் எந்தச் சீட்டில் நிற்கிறதோ அதுதான் உங்கள் சீட்டு. உங்கள் எண் தெரியாததால் எந்தச் சீட்டு வர வேண்டும் என்று அவரால் தீர்மானிக்க முடியாது. அவர் எண் வரும்வரை அடுத்த சீட்டு உங்களுக்கே தெரியாது. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்துகாட்டிச் சரிபார்க்கலாம். உங்கள் கட்டின் ரகசியம் அப்போது வெளியே வந்துவிடும். நண்பர்களுக்குள் அது பெரிய விஷயமில்லை.

பலர் கோட்டை விடுவது, ஆட்டத்தின் நடுவே கவிழ்த்து வைக்கும் சீட்டில். அதன் ஹேஷைத்தானே எதிராளிக்கு அனுப்புவீர்கள்? ‘மணிமுத்தாறு’ என்ற சீட்டின் பெயருக்கு மட்டும் ஹேஷ் போட்டால், எதிராளி உங்கள் விளையாட்டின் எல்லாச் சீட்டுப் பெயர்களுக்கும் ஹேஷ் போட்டு நொடியில் பொருத்திப் பார்த்துவிடுவார். சோலி முடிந்தது. பெயரோடு நீளமான ரேண்டம் எண் ஒன்றையும் ஒட்டியே ஹேஷ் செய்யுங்கள், கட்டின் பட்டியலுக்கும் அப்படித்தான்.

அந்த எண்களையும் ரகசிய எண்களையும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண ரேண்டம் வசதியான மேத்.ராண்டமில் எடுக்காதீர்கள், அதை ஊகித்துவிடலாம்; பிரவுசரின் கிரிப்டோ வசதியில் எடுங்கள். கடிகார நேரத்தை வைத்துக் கலைத்த ஓர் ஆன்லைன் போக்கர் மென்பொருளில், ஐந்து சீட்டைப் பார்த்தே முழுக் கட்டையும் கணித்துக் காட்டினார்கள், 1999-இல்.

அப்புறம், தோற்கப்போகிறவன் ‘நெட் போயிட்டு’ என்று நழுவினால் கணக்கு உதவாது. எண்ணைத் திறக்காதவன் தோற்றவன் என்று இன்றே விதி எழுதிவிடுங்கள்.